அடி எடுத்துக் கொடுத்தவள்

நான் தணிந்த குரலில்தான் பேசுவேன். கேட்கவில்லை என்றால் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். சத்தமாகப் பேசச் சொல்லாதீர்கள், எனக்குப் பழக்கம் இல்லை. அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் உங்களுக்கும் நல்லது, மேசையில் பறக்கிற உங்கள் விசாரணைக் காகிதங்களுக்கும் நல்லது.

நீங்கள் கேட்பது ஒரே ஒரு சொல். என் அக்கா இறந்த அன்று மதியம் அவளுடைய கைபேசியில் பதிவான வீடியோவை நீங்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். அக்கா நடிக்கிறாள். நடுவில் பேச்சு நின்றுவிடுகிறது. அந்த இடைவெளியில் படத்துக்கு வெளியே யாரோ முணுமுணுப்பது போல ஒரு சத்தம். உடனே அக்கா மேசை மேல் இருக்கிற டப்பாவை எடுத்து ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொள்கிறாள். ஒலியைக் கூட்டிப் பார்த்தும் அந்த முணுமுணுப்பு என்னவென்று உங்களுக்குப் பிடிபடவில்லை. பிடிபடாதுதான். மேடையில் நிற்பவளுக்குக் கேட்க வேண்டும், முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்கக் கூடாது. வாழ்நாள் முழுக்க நான் செய்த வேலையே அதுதான்.

சொல்கிறேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சொல்லை மட்டும் பிய்த்துக் கையில் கொடுத்தால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. முன்கதை கொஞ்சம் கேட்க வேண்டும்.

நாடகத்தில் பேச்சு மறந்து நிற்பவருக்குப் பக்கத் திரையின் மறைவிலிருந்து வசனத்தின் முதல் சொல்லைச் சொல்வார்கள். சினிமாவில் இதை ப்ராம்ப்டிங் என்கிறார்கள். எங்கள் அம்மா காலத்து நாடகக்காரர்கள் அடி எடுத்துக் கொடுப்பது என்பார்கள், எனக்கு அதுதான் பிடிக்கும். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்கிறார்களே, என் அக்காவுக்குச் சறுக்கியதில்லை. நான் இருந்தேன்.

இந்த வேலைக்கு இரண்டு விதி உண்டு. முதல் சொல்லை மட்டும்தான் கொடுக்க வேண்டும். முழு வாக்கியத்தையும் கொடுப்பது குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி, நடிப்பவருக்கு அது மரியாதை இல்லை. இன்னொரு விதிதான் கஷ்டம். நடிப்பவர் பேசாமல் நிற்கும்போது அது மறதியா, மௌனமா என்று தெரிந்திருக்க வேண்டும். மறதி என்றால் கண் உள்ளே போய்விடும், கழுத்து இறுகும். மௌனம் என்றால் கண் எதிரில் இருப்பவர்கள் மேலேயே இருக்கும், தோள் தளர்ந்திருக்கும். மறதியில் சொல் கொடுக்காவிட்டால் நடிகையின் மானம் போகும். மௌனத்தில் சொல் கொடுத்தால் நாடகமே போய்விடும். கேட்காதவளுக்கு எடுத்துக் கொடுப்பது எங்கள் தொழிலில் பாவம். எந்த மேடையிலும் அதை நான் செய்ததில்லை.

அம்மா ஒரு நாடகக் குழுவுக்கு உடை தைப்பவள். துணிப் பெட்டிகளுக்கு நடுவில்தான் நானும் அக்காவும் வளர்ந்தோம். வியாபாரியின் மகளாக நடிக்க வேண்டிய சிறுமிக்குக் கன்னம் வீங்கிக் காய்ச்சல் வந்த அன்று, ஆளுக்கு எங்கே போவது என்று குழுவை நடத்துகிறவர் கையைப் பிசைந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். அது அந்த மாதிரி முகம். ஒரு தடவை பார்த்தால் இன்னொரு தடவை பார்க்க வைக்கும். வசனத்தைச் சொல்லிக்கொடுத்து உள்ளே தள்ளிவிட்டார்கள். விளக்கு மேலே பட்டதும் அக்கா மரம் போல நின்றாள். நான் பக்கத் திரைக்குப் பின்னால் அம்மாவின் ஊசித் தலையணையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு எல்லோருடைய வசனமும் தெரியும். யாரும் சொல்லித்தரவில்லை, காதில் விழுந்ததெல்லாம் தங்கிவிடும். "கதவ" என்றேன். அவ்வளவுதான். "கதவத் திறங்கப்பா, வெளியில நிக்கறது உங்க பொண்ணு" என்று அக்கா அழுதபடி சொன்னாள். அரங்கத்தில் கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அன்றைக்குக் குழுக்காரர் எனக்குக் கிளி என்று பெயர் வைத்தார். சொன்னதைச் சொல்லுமாம் கிளிப்பிள்ளை. உண்மையில் சொன்னதைச் சொன்னது அக்கா, சொன்னது நான். பெயர் மாறி விழுந்துவிட்டது. அம்மா எங்கள் இருவர் தலையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "முகம் இவளுக்கு, ஞாபகம் அவளுக்கு. ரெண்டையும் சேத்தாத்தான் ஒரு ஆளு."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் பிள்ளைகள் எதை மறந்தாலும் இந்த மாதிரிப் பேச்சை மறப்பதில்லை.

அக்கா சினிமாவுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். முதல் படத்தில் அவளுக்குக் கண் தெரியாத பெண்ணின் வேடம். நான் கேமராவுக்குப் பக்கவாட்டில் தள்ளி நின்று சொல் கொடுத்தால் அவள் தன்னையறியாமல் என் பக்கம் திரும்பிவிடுவாள். இயக்குநருக்கு முதலில் கோபம். அப்புறம் அவரே, "பார்வை இல்லாத பொண்ணு சத்தம் வர்ற பக்கம் திரும்பறது நல்லாத்தான் இருக்கு, விட்டுடு" என்றார். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் அவள் தலை திருப்புகிற அழகைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அவள் திரும்பிய இடத்திலெல்லாம் நான்தான் நின்றேன். அது யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

அதற்குப் பிறகு அவள் ஏறுமுகம்தான். சுவர் சுவராக அவள் முகம். படப்பிடிப்பில் நான், டப்பிங் கூடத்தில் நான், பேட்டி கொடுக்கும்போதுகூட அவள் கண்ணில் படுகிற மாதிரி ஒரு மூலையில் நான். அவள் கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை படத்தொகுப்பாளர், நல்ல மனிதர். "இந்த வீட்டுல எப்பவும் மூணு பேரா இருக்கோம்" என்று ஒரு நாள் சொல்லிவிட்டு, இரண்டு பேர் இருக்கும்படி செய்துவிட்டுப் போனார்.

என்னையும் ஒருவர் கேட்டார். டப்பிங் கூடத்தில் ஒலிப்பதிவு செய்தவர். எல்லோரும் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் அவர் மட்டும் என் குரலைக் கவனித்திருக்கிறார். அக்காவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண் கலங்கினாள். "நீ போயிட்டா நான் ஊமையாயிடுவேன் கிளி" என்றாள். நான் போகவில்லை. அதில் எனக்கு வருத்தம் கிடையாது. நீங்கள் கேட்பீர்களோ என்று நானே சொல்லிவிட்டேன். அவருக்குப் பேரக்குழந்தைகள் இருப்பதாகக் கேள்வி.

கதாநாயகி வேடங்கள் ஓய்ந்து, அம்மா வேடங்களும் ஓய்ந்தபோது தொலைக்காட்சி வந்து கைகொடுத்தது. ஒரு நெடுந்தொடரில் மாமியார். மகா கொடுமைக்காரி. காய்கறிக் கடையில் ஒரு பெண் அக்காவின் பையைப் பிடித்து நிறுத்தி, "அந்தப் பொண்ண ஏம்மா இந்தப் பாடு படுத்துற, நீ நல்லாருப்பியா" என்று சண்டைக்கு வந்துவிட்டாள். அக்காவுக்கு அன்றைக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தொடரில் வசனத்தை அங்கேயே உட்கார்ந்து எழுதுவார்கள். மை காய்வதற்குள் பேசியாக வேண்டும். மனப்பாடம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நான் பார்த்துப் பார்த்துக் கொடுப்பேன், அவள் வாங்கி வாங்கிப் பேசுவாள். அங்கே முதல் சொல் விதியெல்லாம் செல்லாது, முழு வாக்கியமும் கொடுக்க வேண்டியிருந்தது.

ஒரு பேட்டியில் இதைப் பற்றிக் கேட்டார்கள். "கிளி சொல்றது காதுல விழும், வாயில வந்துடும். நடுவுல மூளைக்கு வேலையே இல்ல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் பொய் சொல்லவில்லை. என் குரல் காதில் பட்டால் அவள் யோசிக்க மாட்டாள். யோசித்தால் அந்தத் தொழிலே நடக்காது. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் மாமியாரை மாடிப்படியில் உருட்டிவிட்டுத் தொடரை முடித்தார்கள். வீட்டில் சும்மா இருந்தோம். எனக்கு அது போதுமாக இருந்தது. அப்போதுதான் அந்தத் தாடிக்காரர் வந்தார்.

இளம் வயது நாடக இயக்குநர். தாடி மட்டும் கிழவருடையது. அக்கா அவரைத் தாடி என்றே கூப்பிடுவாள், அவர் அவளை அம்மா என்பார். ஒரு நாடகம் கொண்டுவந்திருந்தார். மேடையில் ஒரே ஒரு பெண். வயதானவள். வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறாள், விட்டுப்போன மகன் திரும்பி வருவான் என்று காத்திருக்கிறாள். முழு நாடகமும் அவள் பேச்சுதான். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் கதவுப் பக்கம் ஏதோ சத்தம் கேட்கும். அவள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பாள். நீளமான மௌனம். அப்புறம் "காத்துதான்" என்பாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நாடகமே.

"ஆனா ஒண்ணும்மா. ப்ராம்ப்டர் வேணாம். அந்தப் பொம்பள தனியா இருக்காங்கறது நிஜமா இருக்கணும்" என்றார் தாடி. என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

அக்கா மறுப்பாள் என்று நினைத்தேன். அவள் அந்தக் காகிதங்களை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு என் கையைப் பிடித்தாள்.

"கிளி, நீ ஒரு தடவையாவது என்னை முன்னாலேருந்து பாத்திருக்கியா? எப்பவும் பக்கவாட்டுலதான். இந்தத் தடவ நீ மொத வரிசையில உக்காரணும். நல்ல துணியாப் போட்டுக்கிட்டு, கால் மேல கால் போட்டு உக்காந்து பாக்கணும்."

அவள் அதை அன்பாகத்தான் சொன்னாள். எனக்குப் பரிசு கொடுக்கிற மாதிரி சொன்னாள். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன் என்றுதான் அவளிடம் காட்டிக்கொண்டேன்.

அவளே மனப்பாடம் செய்தாள். மொட்டைமாடியில் நடந்துகொண்டு, பாத்திரம் கழுவிக்கொண்டு, குளியலறையில். ஒரு நாள் ஒத்திகைக்குக் குடையை மறந்து போய்விட்டாள் என்று எடுத்துக்கொண்டு போனேன். ஒத்திகைக் கூடத்தின் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அக்கா நடித்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போகவில்லை. வெளியே நின்று அவளோடு கூடவே உதடு அசைத்தேன், பழக்கம்தான். ஒரு சொல் பிசகவில்லை. அந்த இடம் வந்தது. நின்றாள். என் நாக்கு நுனியில் சொல் தயாராக இருந்தது. கண்ணைப் பார்த்தேன், தோளைப் பார்த்தேன். மறதி இல்லை. அவள் அந்த மௌனத்துக்குள் போய், எவ்வளவு நேரம் இருக்க வேண்டுமோ அவ்வளவு நேரம் இருந்து, தானாகவே வெளியே வந்தாள். "காத்துதான்." தாடிக்காரர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

குடையைக் கதவுக்கு வெளியே சாய்த்து வைத்துவிட்டு வந்தேன். வழியில் ஒரு கடையில் தேநீர் குடித்தேன். குடித்து முடித்தும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. முகம் அவளுக்கு, ஞாபகம் எனக்கு என்பதுதான் ஏற்பாடு. முகத்தோடு ஞாபகத்தையும் அவளே வைத்துக்கொண்டால் கணக்கில் நான் எங்கே வருகிறேன் என்று யோசித்தேன். கோபம் இல்லை. பயம் என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் வீட்டில் எந்தப் பொருளையும் இடம் மாற்றி வைக்கவில்லை. மூக்குக் கண்ணாடியை ஒளிப்பது, சாவியைத் தூக்கிப் போடுவது, அதெல்லாம் தொடர்களில் வருகிற வேலை. நான் பேசினேன், அவ்வளவுதான். அதுவும் கொஞ்சமாகத்தான்.

ஒரு நாள் காலையில் அக்கா தாடிக்காரரைப் பற்றி ஏதோ வேடிக்கையாகச் சொன்னாள். நான் சிரித்துவிட்டு, "நேத்தும் இதச் சொன்னியேக்கா" என்றேன். அவள் நேற்றுச் சொல்லவில்லை. "அப்படியா? வயசாகுதுடி" என்றாள். மறுநாள் வேறொன்று. அதற்கடுத்த நாள் அவள் சொல்லி முடிக்கிறவரைக்கும் பொறுமையாகக் கேட்டு, "ம்ம்" என்று மட்டும் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "இதையும் சொல்லிட்டேனா?" என்று கேட்டாள். அவள் கேட்டாள், நான் தலையாட்டினேன். பிறகு ஒவ்வொரு கதையையும் அந்தக் கேள்வியோடுதான் தொடங்குவாள். நான் ஆமாம் என்பேன். போகப் போகத் தொடங்குவதே குறைந்துவிட்டது. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது சரியான பேச்சு. வீடு அமைதியாக இருந்தது.

நாடகத்தையும் என்னிடம் ஒப்பித்துப் பார்த்தாள். "நீ புத்தகத்த வச்சிக்கோ கிளி, தப்பு வந்தா சொல்லு" என்பாள். சரியாகச் சொன்ன இடத்தில்தான் நான் தப்பு என்று விரலைத் தூக்குவேன். "ஜன்னல இல்லக்கா, கதவ" என்பேன். அவள் புத்தகத்தை வாங்கிப் பார்த்ததே இல்லை. என் குரல் சொன்னால் போதும். மறுநாள் ஒத்திகையில் கதவு என்பாள், தாடிக்காரர் ஜன்னல் என்பார். அவள் வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள். நான் அவளுக்குச் சூடாகப் பால் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவள் அழுதால் எனக்குத் தாங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அக்காவே மருத்துவரிடம் போகலாம் என்றாள். நான் வற்புறுத்தவில்லை. அவர் என்ன கிழமை, என்ன மாதம் என்று கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்குக் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். மறுபடியும் என் பக்கம் திரும்பினாள். பாவம், யாராவது கேள்வி கேட்டால் முதலில் என் குரலைத் தேடுவது அவளுக்கு நாடக மேடையில் வந்த பழக்கம். கண் தெரியாத பெண்ணாக நடித்தபோது உலகமே அதை அழகு என்றது. மருத்துவர் அவள் வாயைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கேள்வி கேட்டா கூட வந்தவங்களத் திரும்பிப் பாக்கறது மறதி நோயோட அறிகுறிம்மா. இனிமே அவங்கள நீங்கதான் பாத்துக்கணும்" என்றார்.

அது தொழில் பழக்கம் டாக்டர் என்று நான் சொல்லியிருக்கலாம். அவர் என்னைக் கேட்கவில்லை.

இதயத் துடிப்பைக் குறைப்பதற்கு அவள் ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மதியம் ஒன்று. அதைப் பற்றியும் அவர் எச்சரித்தார். "சாப்பிட்டத மறந்துட்டு மறுபடி மறுபடி போட்டுட்டாங்கன்னா உயிருக்கே ஆபத்து. டப்பா உங்க பொறுப்பு." சரி என்றேன்.

அக்கா நாடகத்திலிருந்து விலகினாள். தாடிக்காரர் வீட்டுக்கு வந்து கெஞ்சினார். "போன வாரமும் வந்து இதத்தானே சொன்னீங்க" என்றாள் அக்கா. அவர் போன வாரம் வரவில்லை. வந்தார் என்று நான்தான் சொல்லியிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்தக் கண்ணீர் நிஜம். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

அதற்கப்புறம் வந்த மாதங்கள் எங்களுக்கு நல்ல மாதங்கள். அவள் எல்லாவற்றுக்கும் என்னைக் கேட்பாள். எந்தப் புடவை, யார் போன் செய்தது, நான் குளித்தேனா, மாத்திரை போட்டேனா. நான் சொல்வேன், அவள் செய்வாள். மாத்திரை விஷயத்தில் மட்டும் நான் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. அந்த மதியம் வரைக்கும். மாலையில் இருவரும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்போம். என் தோளில் சாய்ந்துகொள்வாள். அம்மா சொன்ன மாதிரி, இருவரும் சேர்ந்து ஒரு ஆளாக இருந்தோம்.

தாடிக்காரர் விடவில்லை. வேறொரு மருத்துவரைப் பிடித்து, அக்காவைத் தன் காரில் அழைத்துக்கொண்டு போனார். அந்த மருத்துவர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். திரும்பிப் பார்க்க ஆள் இல்லாததால் அக்கா நேராகப் பார்த்துப் பதில் சொல்லியிருக்கிறாள். சோதனைகள் முடிந்து வெளியே வந்தபோது அவள் முகம் அந்தப் பழைய முகம்.

"கிளி, எனக்கு ஒண்ணுமே இல்லையாம். நாடகம் முழுக்கச் சொல்லிக் காட்டினேன்டி. ஒரு இடம் விடல. தாடி புத்தகத்த வச்சிப் பாத்துக்கிட்டே இருந்தாரு. ஜன்னல்தான்டி, கதவு இல்ல."

"சந்தோஷம்க்கா" என்றேன்.

"அப்ப ஏன் அப்படி உளறினேன்?"

"பயம்க்கா. பயந்தா எல்லாருக்கும் வர்றதுதான்."

ஒப்புக்கொண்டாள். அவள் என்னைச் சந்தேகப்படவே இல்லை. சந்தேகப்பட்டிருந்தால் இன்று உயிரோடு இருந்திருப்பாள். அந்த வகையில் தப்பு முழுக்க என்னுடையது என்று எழுதுவது அவ்வளவு நியாயமாக இருக்காது.

மறுநாள்தான் நீங்கள் கேட்கிற அந்த மதியம். சாப்பிட்டோம். அக்கா டப்பாவைத் திறந்து அவளே மாத்திரை போட்டுக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவள், யோசனை எங்கேயோ இருக்க, "மாத்திர போட்டேனா கிளி?" என்றாள். யாருக்கும் வருகிற சந்தேகம்தான். அவளுக்கு வந்திருந்த தெம்பில் இதற்காக அவள் பயப்படவும் இல்லை.

"இல்லக்கா" என்றேன்.

போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தாடிக்காரர் போன் செய்தார். நாடகத்தை வீட்டிலேயே ஒரு தடவை நடித்து, வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார். பேசிக்கொண்டே அக்கா மேசைப் பக்கம் வந்தாள், டப்பாவைத் தொட்டு, புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தாள். போட்டுவிட்டேனா என்று அர்த்தம். நான் இல்லை என்று தலையசைத்தேன். பேச்சை நிறுத்தாமலே இன்னொன்றை விழுங்கினாள். இதுவும் அவள் கேட்டதுதான். அவள் கேட்டாள், நான் பதில் சொன்னேன்.

அப்புறம் கைபேசியை அலமாரித் தட்டில் சாய்த்து வைத்தாள். எனக்காக ஒரு நாற்காலியைக் கூடத்தின் நடுவில் இழுத்துப் போட்டாள். "உக்காரு. நீதான் மொத வரிச" என்றாள். உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளை முன்னாலிருந்து பார்த்தேன். பக்கவாட்டில் தெரியாத ஒன்று நேரில் தெரிகிறது. அவள் எதிரில் இருப்பவரைப் பார்க்கும்போது அவருக்காக மட்டுமே பேசுகிற மாதிரி இருக்கும். அவ்வளவு காலமும் அதை மற்றவர்கள்தான் பார்த்திருக்கிறார்கள். கொஞ்சம் மூச்சு வாங்கியது அவளுக்கு. குரல் அடங்கி வந்தது. அந்த வேடத்துக்கு அது பொருத்தமாகக்கூட இருந்தது.

கதவுச் சத்தம் வருகிற அந்த இடம் வந்தது. மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். பேச்சை நிறுத்தினாள்.

நான் "மாத்திர" என்றேன்.

நீங்கள் கேட்ட சொல் அதுதான். முதல் சொல் மட்டும். என் குரல் அவள் காதில் விழுந்தது, கை டப்பாவுக்குப் போனது. நடுவில் மூளைக்கு வேலை இல்லை. விழுங்கினாள், கதவைப் பார்த்தாள், "காத்துதான்" என்றாள். அவ்வளவு நன்றாக அவள் அதை எந்த ஒத்திகையிலும் சொன்னதில்லை. மீதி நாடகத்தையும் முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். களைப்பாக இருக்கிறது, கொஞ்சம் சாய்ந்துகொள்கிறேன் என்றாள். தலையணை கொண்டுவந்து கொடுத்தேன். கடைசிவரைக்கும் பக்கத்திலேயே இருந்தேன். யாருக்கும் போன் செய்யவில்லை.

அவள் மறந்துவிட்டாளோ என்று நினைத்து உதவிக்குச் சொன்னீர்களா என்று கேட்கிறீர்கள். அப்படி எழுதிக்கொண்டால் எனக்கு நல்லது என்கிறீர்கள். உங்கள் கருணைக்கு நன்றி. ஆனால் தொழில் என்று ஒன்று இருக்கிறது, அதில் என்னை ஒன்றும் தெரியாதவள் ஆக்கிவிடாதீர்கள். அவள் கண் என் மேலேயே இருந்தது. தோள் தளர்ந்திருந்தது. அது மறதி இல்லை, மௌனம். இத்தனை வருடங்களில் நான் ஒரு தடவைகூட ஒன்றை மற்றொன்றாக நினைத்து ஏமாந்ததில்லை.

அன்றைக்கும் ஏமாறவில்லை.